சமூக நலன், பசுமை வெளி, க்ளைமேட்: மூணையும் சேர்த்து ஆராய்ச்சி பண்றவங்க உண்மையில என்னதான் பண்றாங்க?

கேள்வி இதான்: ஒரு ஆராய்ச்சியாளர் தன்னோட துறைன்னு "சமூக நலன், பசுமை வெளிகள், காலநிலை நடவடிக்கை"ன்னு மூணையும் சேர்த்துப் போட்டிருக்காங்க, இது எப்படி ஒரே வேலையாகும், மரம் நல்லதுன்னு சின்னப் பிள்ளைக்கே தெரியுமே அதுக்கு எதுக்கு பிஎச்டி, கடைசியா சோஷியாலஜி படிச்ச ஒருத்தர் இதுக்குள்ள வர முடியுமா. நான் இந்த ஏரியாவுலயே வேலை பாக்குற ஆள்ங்கிறதால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல ஒண்ணைப் போட்டு உடைச்சிடறேன். பார்க் கார்பனை உறிஞ்சிடும்ங்கிறது இந்த ஆராய்ச்சியோட மெயின் பாயிண்டே கிடையாது. நல்லா வளர்ந்த ஒரு மரம் வருஷத்துக்குத் தோராயமா 20 கிலோ கார்பன் டை ஆக்சைடு இழுக்கும்னு வச்சுக்குவோம், மரத்தோட இனம், வயசு, தண்ணி எல்லாம் பொறுத்து கூடும் குறையும். உலகத்துல ஒரு ஆளுக்குச் சராசரியா வருஷத்துக்கு நாலரை டன்னுக்கு மேல வெளியாகுது. வகுத்துப் பாருங்க, ஒரு ஆளுக்கே 200 மரத்துக்கு மேல வேணும், அதுவும் எல்லாம் வளர்ந்த மரமா. ஒரு சிட்டிக்குள்ள அதுக்கு எங்க போறது? அதனால மரக்கன்று நட்டு க்ளைமேட்டை சரி பண்ணிட்டோம்னு யாராவது போட்டோ போட்டா, போட்டோ நல்லாருக்குன்னு சொல்லிட்டு நகர்ந்துடலாம். ஊருக்குள்ள இருக்கிற பச்சை செய்யுற வேலை வேற, ஏற்கனவே வந்துட்ட சூட்டை மனுஷன் தாங்கிக்கிறதுக்கு அது உதவுது. கார்பனைக் குறைக்கிற வேலையை தணிப்புன்னும் இதை தகவமைப்புன்னும் எங்க ஆளுங்க சொல்லுவாங்க, ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பிக்கிறதுலதான் பாதி வெட்டிச் சண்டையே வருது.

சூடு எப்படிக் குறையுதுங்கிறதைக் கொஞ்சம் நின்னு பாத்துடலாம், ஏன்னா இங்கயும் தப்பாப் புரிஞ்சுக்கிறவங்க நிறைய. மரம் ரெண்டு வேலை செய்யுது, ஒண்ணு நிழல், இன்னொண்ணு இலை வழியா தண்ணியை ஆவியாக்குறது. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகணும்னா கிட்டத்தட்ட 0.68 யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பம் தேவை, அதை சுத்தி இருக்கிற காத்துலயும் இலை வாங்குற வெயில்லயும் இருந்துதான் எடுத்துக்கும். ஆனா மண்ணுல தண்ணி இல்லைன்னா மரம் இலையோட துளைகளை மூடிக்கும், கூலிங் நின்னுடும், அதாவது கடுமையான வறட்சியில நமக்கு எப்ப ரொம்பத் தேவையோ அப்பதான் அது கையை விரிக்கும். காத்துல ஈரப்பதம் ரொம்ப இருக்கிற ஊர்லயும் இந்த ரெண்டாவது வேலையால பெரிய சுகம் தெரியாது. நிழல் அப்படி இல்லை, எப்பவும் வேலை செய்யும். பெங்களூருல ஹரிணி நாகேந்திராங்கிற சூழலியல் ஆராய்ச்சியாளரோட குழு சாலையோர மரங்களை வச்சு பண்ணி 2013ல வந்த ஆய்வுல, மரம் இருக்கிற ரோட்டுல மதிய நேரக் காத்து வெப்பம் 5.6 டிகிரி வரைக்கும் குறைவா இருந்துச்சு, ரோட்டோட மேற்பரப்பு 27.5 டிகிரி வரைக்கும் குறைவா இருந்துச்சு. ரெண்டு நம்பருக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க. சாட்டிலைட்ல இருந்து எடுக்கிற வெப்ப மேப் எல்லாம் பெரும்பாலும் மேற்பரப்பு வெப்பம்தான், அதைக் காட்டி "எங்க பார்க் ஊரையே 15 டிகிரி குளுமையாக்குது"ன்னு சொன்னா அது உங்க மேல படுற காத்தைப் பத்தின பேச்சே இல்ல. அதே சமயம் மேற்பரப்பு வெப்பம் சும்மான்னும் சொல்ல முடியாது, சுட்டுக் கிடக்கிற ரோடும் சுவரும் நம்ம உடம்பு மேல அனலை வீசுது, நிழல்ல நின்னா வர்ற நிம்மதி காத்து குளுந்ததால மட்டும் இல்ல, அந்த அனலும் வெயிலும் மறைஞ்சதாலயும்தான்.

சரி, இது இயற்பியல். இதுல சமூகம் எங்க வருது? இந்தத் துறையை எனக்கு யாராவது ஒரே ஒரு கேஸ் வச்சு விளக்கச் சொன்னா நான் 1995 சிகாகோவைத்தான் எடுப்பேன். ஜூலை மாசம் சில நாள் அடிச்ச வெப்ப அலையில 739 பேர் கூடுதலா செத்துப் போனாங்கன்னு கணக்கு. எரிக் க்ளைனன்பெர்க்னு ஒரு சமூகவியலாளர் யாரு செத்தாங்க, எங்க செத்தாங்கன்னு தெருத்தெருவாப் போய்ப் பாத்தாரு. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஏரியா, நார்த் லான்டேல், சவுத் லான்டேல். ரெண்டுலயும் தனியா இருக்கிற வயசானவங்க நிறைய, வறுமையும் நிறைய, வெயில் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஆனா நார்த்ல லட்சத்துக்கு 40 பேர், சவுத்ல லட்சத்துக்கு 4 பேர் கூட இல்ல. நார்த்ல வேலைவாய்ப்பு போயி, கடைங்க மூடி, காலி மனையும் இடிஞ்ச வீடுமாக் கிடந்துச்சு, வயசானவங்க பயந்து கதவைப் பூட்டிட்டு உள்ளயே இருந்தாங்க. சவுத்ல தெருவுல ஆள் நடமாட்டம் இருந்துச்சு, கடை இருந்துச்சு, நடக்க நடைபாதை இருந்துச்சு, ஒரு ஆளை ரெண்டு நாளாக் காணோம்னா யாராவது போய்க் கதவைத் தட்டுவாங்க. இனம், குடும்ப அமைப்புன்னு வேற காரணங்களும் இதுல இருக்குன்னு வாதம் பண்றவங்க உண்டு, நியாயமான வாதம்தான். ஆனா ஒரு ஏரியாவுல வெளிய வந்து உட்கார இடம் இருக்கா, அங்க நாலு பேர் முகம் பழகுறாங்களாங்கிறது வெப்ப அலை வரும்போது உயிர்க் கேள்வியாயிடுதுங்கிறது அதுக்கப்புறம்தான் எல்லாருக்கும் உறைச்சுது. அந்த மூணு வார்த்தையும் ஒரே வரியில சேர்ந்து நிக்கிறது இதனாலதான். நிழல் தர்றதும் பார்க்தான், அக்கம்பக்கம் பழகுறதும் பார்க்லதான், வெயில் உச்சத்துக்குப் போற அன்னைக்கு இந்த ரெண்டும் சேர்ந்துதான் காப்பாத்தும்.

இப்ப "மரம் நல்லதுன்னு தெரியுமே"ங்கிற கேள்விக்கு வர்றேன், இது சாதாரணக் கேள்வி இல்ல. பார்க் பக்கத்துல இருக்கிறவங்க ஆரோக்கியமா இருக்காங்கன்னு டேட்டா காட்டும், ஆனா பார்க் பக்கத்துல வீடு வாங்குறவன் யாரு, காசு இருக்கிறவன். காசு இருக்கிறவன் எப்படியும் ஆரோக்கியமாத்தான் இருப்பான். அப்ப ஆரோக்கியம் பார்க்கால வந்துச்சா பர்ஸால வந்துச்சா? இங்கிலாந்துல கிட்டத்தட்ட 20,000 பேரை வச்சு 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு, வாரத்துக்கு 120 நிமிஷம் இயற்கையோட இருக்கிறவங்க தங்களோட உடல்நலமும் மனநலமும் நல்லாருக்குன்னு அதிகமா சொல்றாங்கன்னு. அந்த 120ஐ எல்லாரும் டாக்டர் எழுதின டோஸ் மாதிரி ஷேர் பண்ணினாங்க. ஆனா அது ஒரே நேரத்துல எடுத்த ஸ்னாப்ஷாட், உடம்பு நல்லாருக்கிறதாலதான் வெளிய போறாங்களாங்கிற கேள்வியை அதால முழுசா மூட முடியாது, எழுதினவங்களே அதை சொல்லித்தான் எழுதியிருக்காங்க. அதுக்கு முன்னாடி ரோஜர் உல்ரிக் 1984ல பண்ணின ஃபேமஸான ஜன்னல் ஆய்வும் இப்படித்தான். பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்கள்ல ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க செங்கல் சுவர் தெரிஞ்சவங்களைவிட சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க, ஸ்ட்ராங்கான வலி மாத்திரையும் குறைவா எடுத்தாங்க. அருமையான ஐடியா, ஆனா மொத்தமே 46 நோயாளிங்க. அதை மட்டும் வச்சு உலகத்தையே மாத்திடலாம்னு பேசுறவங்களைப் பாத்தா எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

இந்த முடிச்சை அவிழ்க்கிறதுதான் ஆராய்ச்சியாளரோட நிஜமான வேலை. ஒரு வழி, இயற்கையே நடத்திக் குடுக்குற சோதனைக்காகக் காத்திருக்கிறது. அமெரிக்காவுல எமரால்டு ஆஷ் போரர்னு ஒரு பச்சை வண்டு வந்து ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்குல கொன்னுச்சு. வண்டு பணக்காரன் தெரு ஏழை தெருன்னு பாக்காது, அதனால மரம் போன இடத்தையும் போகாத இடத்தையும் ஒப்பிட்டுப் பாக்க வழி கிடைச்சுது. ஜியாஃப்ரி டோனோவன் குழு 1990ல இருந்து 2007 வரைக்குமான இறப்புப் பதிவை எடுத்து 15 மாநிலங்கள்ல பாத்தாங்க, வண்டு பரவின மாவட்டங்கள்ல இதய ரத்தக்குழாய் நோயால 15,080 பேரும் மூச்சுக்குழாய், நுரையீரல் நோயால 6,113 பேரும் கூடுதலா இறந்திருக்காங்கன்னு வந்துச்சு. இன்னொண்ணு, அந்தப் பாதிப்பு வசதியான மாவட்டங்கள்ல அதிகமா தெரிஞ்சுது, இழக்கிறதுக்கு அவங்ககிட்டதான் மரம் இருந்துச்சுங்கிறது ஒரு விளக்கம்.

இன்னொரு வழி, மருந்துக்குப் பண்ற மாதிரியே குலுக்கல் போட்டு சோதிக்கிறது. ஃபிலடெல்ஃபியாவுல 541 காலி மனைகளை எடுத்து மூணு பிரிவாக் குலுக்கினாங்க. ஒரு பிரிவுல குப்பையை அள்ளி, மண்ணை சமன் பண்ணி, புல்லு போட்டு, நாலஞ்சு மரம் நட்டு, இடுப்பளவுக்குக் கீழ ஒரு மரவேலி, அதுல ஆளு உள்ள போய்வர வழி, அப்புறம் மாசாமாசம் பராமரிப்பு. ரெண்டாவது பிரிவுல குப்பையை மட்டும் அள்ளினாங்க. மூணாவதுல ஒண்ணும் பண்ணல. 2018ல ரிசல்ட் வந்துச்சு, பச்சையாக்கின மனைங்க பக்கத்துல இருந்தவங்கள்ல மனசோர்வா இருக்குன்னு சொன்னது, ஒண்ணும் பண்ணாத பிரிவோட ஒப்பிட்டா 41.5 சதவீதம் குறைஞ்சுது, ஏழை ஏரியாக்கள்ல இன்னும் அதிகமாக் குறைஞ்சுது. குப்பையை மட்டும் அள்ளின இடத்துல மனநலத்துல சொல்லிக்கிற மாதிரி மாற்றமே இல்ல. இதே திட்டத்துல வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கிற ஏரியாக்கள்ல துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைஞ்சதாவும் வந்துச்சு. எனக்கு இந்த ஆய்வு ஏன் பிடிக்கும்னா இதுல பிரம்மாண்டமா ஒண்ணுமே இல்ல, பெரிய பார்க் இல்ல, நீரூற்று இல்ல, சிலை இல்ல, ஒரு புல்லும் ஒரு குட்டி வேலியும் "இதை யாரோ பாத்துக்கிறாங்க"ங்கிற அடையாளமும்தான்.

அளக்கிறது எப்படின்னு பலருக்குத் தெரியாது, அதையும் சொல்லிடறேன். பச்சையை அளக்க என்டிவிஐன்னு ஒரு குறியீடு இருக்கு. உயிரோட இருக்கிற இலை சிவப்பு ஒளியைத் தின்னுடும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும், இந்த ரெண்டோட வித்தியாசத்தை சாட்டிலைட் படத்துல கணக்குப் போட்டு மைனஸ் ஒண்ணுல இருந்து ப்ளஸ் ஒண்ணுக்குள்ள ஒரு நம்பர் வரும். லேண்ட்சாட்ங்கிற சாட்டிலைட் படத்துல ஒரு கட்டம் 30 மீட்டர், சென்டினல் 2ங்கிற இன்னொரு சாட்டிலைட்ல 10 மீட்டர். சவுகரியமான நம்பர், இலவசமாக் கிடைக்கும், அதனாலேயே எல்லாரும் பிடிச்சுத் தொங்குறாங்க. ஆனா கோல்ஃப் மைதானமும், முள்ளு மண்டின புதரும், பூட்டின பங்களாத் தோட்டமும், பிள்ளைங்க விளையாடுற பார்க்கும் அதுக்கு ஒண்ணுதான். உலக சுகாதார நிறுவனத்தோட ஐரோப்பிய அலுவலகம் வீட்டுல இருந்து 300 மீட்டருக்குள்ள ஒரு பசுமை வெளி இருக்கணும்னு ஒரு அளவுகோல் சொல்லுது, மேப்ல வட்டம் போட்டா நிறைய வீடு அதுக்குள்ள வந்துடும், ஆனா பார்க்கோட கேட் எந்தப் பக்கம் இருக்கு? சுவரை ஒட்டி வீடு இருந்தும் கேட் மறுபக்கம் இருந்தா, நடுவுல ஆறு லேன் ரோடு ஓடினா, கைத்தடி ஊனி நடக்கிற ஒருத்தருக்கு அந்த பார்க் இல்லாத மாதிரிதான். அதனால நல்ல ஆய்வு பண்றவங்க நடைபாதை வழியா கேட் வரைக்கும் தூரத்தை அளப்பாங்க.

யாரு வர்றாங்கன்னு பாக்க நேர்லயே போய் எண்ணணும். சோபார்க்னு ஒரு முறை இருக்கு, பார்க்கை சின்ன சின்னப் பகுதியாப் பிரிச்சு, குறிச்ச நேரத்துக்கு ஒவ்வொரு பகுதியா நின்னு இடமிருந்து வலமா ஒருவாட்டி கண்ணை ஓட்டி, ஆணா பெண்ணா, குழந்தையா டீனேஜா பெரியவங்களா முதியவங்களா, உட்கார்ந்திருக்காங்களா நடக்குறாங்களா ஓடுறாங்களான்னு தாள்ல கோடு போட்டுக்கிட்டே போகணும், அதையே ஒரு நாள்ல பல தடவை, வேற வேற கிழமையில. சலிப்பான வேலைதான், ஆனா "பார்க் இருக்கு, ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒரு பெண் கூட இல்ல"ங்கிற விஷயம் எந்த சாட்டிலைட்லயும் தெரியாது, இதுலதான் தெரியும். அப்புறம் மன நலத்துக்கு டபிள்யூஎச்ஓ 5ன்னு அஞ்சே கேள்வி, போன ரெண்டு வாரத்துல மனசு உற்சாகமா இருந்துச்சா, அமைதியா இருந்துச்சா, சுறுசுறுப்பா இருந்தீங்களா, காலையில எழுந்தா ஃப்ரெஷ்ஷா இருந்துச்சா, பிடிச்ச விஷயங்களால நாள் நிறைஞ்சுதான்னு. ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 5, மொத்தத்தை 4ஆல பெருக்கினா நூத்துக்கு மார்க். இது தனி ஆளோட நலன்தான். சமூக நலன்னு சொல்லணும்னா பக்கத்து வீட்டுக்காரங்க பேர் தெரியுமா, அவசரத்துக்கு யார்கிட்ட சாவி குடுப்பீங்கங்கிற மாதிரி கேள்விங்களும் சேரணும், இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, தனி ஆளுங்க மார்க்கைக் கூட்டி வகுத்து அதையே சமூக நலன்னு போட்டுடறாங்க.

அடுத்தது யாருக்குக் கிடைக்குதுங்கிறது, என் கணக்குல முழு ஆராய்ச்சியோட மையமும் இதுதான். அமெரிக்காவுல 1930கள்ல வீட்டுக் கடனுக்காக ஏரியாக்களை கலர் போட்டு தரம் பிரிச்சாங்க, கறுப்பின மக்கள் இருந்த இடங்களுக்கு சிவப்புக் கோடு, அங்க கடன் கிடைக்காது. 2020ல 108 நகரங்களைப் பாத்த ஆய்வுல, அந்த சிவப்பு ஏரியாக்கள் இன்னைக்கும் மத்த ஏரியாக்களைவிட மேற்பரப்பு வெப்பத்துல சராசரியா 2.6 டிகிரி அதிகமா சுடுது, 94 சதவீத நகரங்கள்ல இதே கதைதான். ஒரு ஆபீஸ்ல உட்கார்ந்து ஒருத்தர் போட்ட கலர் 80 வருஷம் கழிச்சும் தரையில சூடா இருக்கு. இதை சரி பண்ணலாம்னு அந்த ஏரியாவுக்கு அழகான பார்க் கொண்டுபோனா அடுத்த சிக்கல் வருது, வாடகை ஏறும், யாருக்காகக் கட்டினீங்களோ அவங்களே காலி பண்ணிட்டுப் போகணும். நியூயார்க்ல 2009ல தொறந்த ஹை லைன் இதுக்கு எல்லாரும் சொல்ற உதாரணம், பழைய ரயில் பாலத்து மேல தோட்டம், சுத்தி இருக்கிற வீட்டு விலை எங்கேயோ போயிடுச்சு, அக்கம்பக்கத்து மக்களுக்கு அது சரியா உதவலைன்னு அதைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரே பின்னாடி வெளிப்படையா சொன்னாரு. பார்சிலோனாவுல இசபெல் அங்குவெலோவ்ஸ்கி குழு இந்தப் பசுமை இடப்பெயர்வைப் பத்தி வருஷக்கணக்கா எழுதிட்டு வர்றாங்க. தீர்வு பார்க்கே வேண்டாம்ங்கிறது இல்ல, பார்க் திட்டத்தோட வாடகைக் கட்டுப்பாடு, குடியிருப்புப் பாதுகாப்புன்னு ஒரு திட்டமும் சேர்ந்தே போகணும்ங்கிறது. இதை மரத்துறை ஆளுங்க மட்டும் உட்கார்ந்து முடிவு பண்ண முடியாது, அங்கதான் சமூக ஆராய்ச்சியாளர் தேவைப்படுறாங்க.

பராமரிப்பைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். நட்ட கன்னுக்கு முதல் ரெண்டு மூணு வருஷம் தண்ணி ஊத்தணும், அந்தப் பணத்தை யாரும் பட்ஜெட்ல வைக்க மாட்டாங்க, நடுற நாளைக்கு மட்டும் பணம் இருக்கும். அதனால எத்தனை நட்டாங்கன்னு கேக்காதீங்க, மூணு வருஷம் கழிச்சு எத்தனை உயிரோட இருக்குன்னு கேளுங்க. கென்யாவுல வங்காரி மாத்தாய் 1977ல ஆரம்பிச்ச கிரீன் பெல்ட் இயக்கத்துல பெண்களுக்குப் பணம் குடுத்தது நட்டதுக்கு இல்ல, கன்னு பிழைச்சு நின்னதுக்கு, அந்த ஒரு விதியிலேயே நிறைய புத்தி இருக்கு. பொதுவான ஒரு வளத்தை ஜனங்களே சேர்ந்து விதி போட்டுக் காப்பாத்த முடியும்னு எலினோர் ஆஸ்ட்ரோம் காட்டி 2009ல நோபல் வாங்கினாங்க, ஆனா அதுக்கு அந்த விதியை மாத்துற அதிகாரமும் ஜனங்க கையில இருக்கணும். மரத்தை நடுறது ஒரு ஆள், எந்த மரம்னு முடிவு பண்றது இன்னொரு ஆள், தண்ணி ஊத்துறது மட்டும் தெருக்காரங்கன்னா அது நடக்காது.

இன்னொரு சின்ன எச்சரிக்கை, மரம் காத்து மாசை வடிகட்டும்ங்கிறதை ரொம்ப ஊதிப் பெருசாக்குறாங்க. உயரமான கட்டடங்களுக்கு நடுவுல குறுகலான ரோட்டுல அடர்த்தியா மரம் இருந்தா வண்டிப் புகை மேல போகாம கீழேயே தங்கவும் வாய்ப்பு இருக்கு. புகைக்கு வைத்தியம் புகையைக் குறைக்கிறதுதான்.

பெரிய அளவுல என்ன ஆகும்னு கேட்டா ஒரு நம்பர் சொல்றேன். ஐரோப்பாவுல 93 நகரங்களை வச்சு 2023ல ஒரு மாடலிங் ஆய்வு வந்துச்சு, 2015 கோடையில நகரச் சூட்டால ஆன 6,700 அகால மரணங்கள்ல, மரப் போர்வையை, அதாவது ஊர்ப் பரப்புல மரம் மூடுற பங்கை, 30 சதவீதத்துக்குக் கொண்டு வந்திருந்தா 2,644ஐத் தடுத்திருக்கலாம்னு. மூணுல ஒரு பங்குக்கு மேல. மீதியை மரம் தடுக்காதுங்கிறதையும் சேர்த்தே படிங்க, அதுக்கு வீட்டுக் கூரை, கரண்ட், எச்சரிக்கை அமைப்பு, தனியா இருக்கிறவங்களைப் போய்ப் பாக்க ஆளுன்னு எல்லாம் வேணும்.

சோஷியாலஜி படிச்சவங்க வரலாமான்னா, தாராளமா வாங்க, உண்மையில அவங்கதான் குறைவு. சாட்டிலைட் படம் பாக்குறவங்க எக்கச்சக்கம் பேர் இருக்காங்க, ஒரு தெருவுல உட்கார்ந்து ஜனங்க பேசுறதை ஒழுங்காக் கேக்கத் தெரிஞ்சவங்கதான் கிடைக்க மாட்டேங்குறாங்க. கூட கத்துக்க வேண்டியது ரெண்டு: கியூஜிஐஎஸ்னு ஒரு இலவச மேப் சாஃப்ட்வேர், அடிப்படைப் புள்ளியியல், அதுலயும் முக்கியமா முன்னாடி பின்னாடி ஒப்பிடுறதும் ஒப்பீட்டுக் குழு வைக்கிறதும். ஆரம்பத்துலயே பெரிய கேள்வியை எடுக்காதீங்க, ஒரு பார்க், ஒரு கேட், ஒரு கோடைன்னு எடுங்க. பார்க் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அளவெடுத்து வச்சிடுங்க, வேலை முடிஞ்சப்புறம் வந்து "முன்னாடி எப்படி இருந்துச்சு"ன்னு ஜனங்ககிட்ட ஞாபகத்துல இருந்து கேட்டா அந்த டேட்டாவுக்கு மதிப்பே கிடையாது. அப்புறம் ரிசல்ட்டை ஜர்னலுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி கேள்விக்குப் பதில் சொன்னவங்களுக்கு அவங்க பாஷையில ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க, அடுத்த வருஷம் மறுபடியும் அதே கதவைத்தான் தட்டப் போறீங்க.